சுட்ட சொல்லும் சொன்ன காரணமும்

கோயில் மண்டபங்களில் எரியும் குழல்விளக்குகளைக் கண்டிருப்பீர்கள். உபயம் அளித்தவரின் பெயரும் ஊரும் குழல் முழுவதும் எழுதப்பட்டு, அவ்வெழுத்துகளே ஒளியைப் பாதி மறைத்து நிற்கும். அவரைக் கேட்டால், இருள் நீங்குவதற்காகவே அளித்ததாகக் கூறுவார். அவர் பொய் சொல்லவில்லை, அவ்வாறே நம்பிக்கொண்டிருக்கிறார். பிறரை ஏமாற்றுபவனுக்குத் தான் செய்வது தெரியும். தன்னையே ஏமாற்றிக்கொள்பவனுக்கோ அது தெரிவதில்லை. பின் அதனைக் கண்டுகொள்வது எங்ஙனம்?

எம்மூராகிய பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டை வழியாகச் சென்றால் திருச்சுழியை அடையலாம். சுந்தரர் பாடிய அத்தலத்தில் திருமேனிநாதர் துணைமாலை அம்மையுடன் எழுந்தருளியுள்ளார். அங்கே 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் சுந்தரமையர், அழகம்மாள் தம்பதியர்க்குப் பிறந்த வேங்கடராமனே பின்னாளில் இரமண மகரிஷி என உலகம் போற்றியவர். தந்தையார் 1892இல் மறைந்தபின், மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்தார். 1896ஆம் ஆண்டு ஜூலையில் மரண அனுபவம் வாய்த்தது முதல் பாடத்தில் மனம் செல்லவில்லை. ஆயினும் பள்ளிக்குப் போய்வந்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும் தண்டனைக்கு ஆளாகியிருந்தார். இரண்டு முறை எழுதியவர், மூன்றாவதைப் பாதியில் தள்ளிவைத்துவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். அதனைக் கண்ட தமையனார் நாகசாமி, இப்படி இருப்பவனுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்னும் கருத்துப்படச் சுடுசொல் ஒன்று கூறினார்.

இவ்விடத்தில் நாம் என்ன செய்திருப்போம்? தலைவலி என்றிருப்போம், அல்லது தமையனின் குறைகளை எண்ணத் தொடங்கியிருப்போம். பதினாறு வயதுப் பிள்ளையோ, அண்ணன் சொல்வது உண்மைதானே என்று கண்டுகொண்டது. அன்றே திருவண்ணாமலைக்குப் புறப்பட்டது.

புறப்படுவதற்குப் பள்ளியில் தனி வகுப்பு இருப்பதாக ஒரு பொய் சொல்ல நேர்ந்தது. தமையனாரின் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டுமாறு தந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டார். ஆனால் இரண்டு ரூபாய் இருப்பதையும், சம்பளம் கட்டப்படவில்லை என்பதையும் கடிதத்தில் எழுதிவைத்தார். 'நான்' என்று தொடங்கிய அக்கடிதம், அடுத்து 'இது' என்று தம்மைக் குறித்து, கையொப்பமின்றி முடிகிறது. சொன்ன பொய்யையும் பின்னாளில் அவர் மறைக்கவில்லை. பிறரிடம் பொய் சொல்ல நேர்ந்தபோதும் தம்மிடம் சொல்லிக்கொள்ளவில்லை என்பதே அடியேன் இங்குக் காண்பது.

அடியேன் கதை வேறு. ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஒருநாள், 'குடிநீர்' என்பதைப் பண்புத்தொகை எனக் கரும்பலகையில் எழுதிவிட்டேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அது வினைத்தொகை அல்லவா?" என்றான். அவனை அந்த வகுப்பு முடியும்வரை நிற்க வைத்தேன். பணிவு கற்பிக்கவே அவ்வாறு செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல்லாண்டுகள் அதனை நல்லொழுக்கக் கதையாகவே பிறரிடம் கூறியும் வந்தேன். கூறுந்தோறும் அம்மாணவனின் துடுக்கு சற்று வளர்ந்தது. என் பிழை தேய்ந்து, ஒருநாள் கதையிலிருந்தே மறைந்துபோயிற்று. சென்ற ஆண்டு பேரனிடம் அதனைச் சொன்னபோது, "அந்தப் பையன் சொன்னது சரியா, தாத்தா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேட்டதோ குழந்தை, கேள்வியோ எளியது. கோபம் ஏன் வரவேண்டும்?

1902ஆம் ஆண்டளவில் விரூபாக்ஷ குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, அந்நாளில் பேசாதிருந்த மகரிஷி எழுதிக்காட்டிய விடைகளே 'நான் யார்?' என்னும் நூலாயின. எண்ணம் எழும்போது அதன் பின்னே ஓடாமல், அது யாருக்கு எழுந்தது என்று திரும்பிப் பார்க்கச் சொல்கிறார். ஞானியர்க்கு அது முத்திக்கு வழி. நம்போன்ற இல்லறத்தார்க்கு, சந்தைக்கடையிலும் அடுக்களையிலும் முதற்படியாகவேனும் உதவும். ஒரு சொல் சுடும்போது, சொன்னவரை விட்டுவிட்டு, சுடப்பட்டது எது என்று பார்த்தால் போதும். அன்று என்னுள் சுடப்பட்டது பணிவன்று. பண்டிதன் என்னும் பெயர்.

பேரனிடம், "சரிதான்; அது வினைத்தொகை" என்றேன். "அப்படியானால் அவரை ஏன் நிற்க வைத்தீர்கள்?" என்றான். அதற்கும் காரணம் ஒன்று நாவின் நுனிவரை வந்தது.