அரை டம்ளர் காபி, முழு டம்ளர் நுரை

டயாலிசிஸ் பிரிவில் நோயாளிகள் எங்களிடம் அதிகம் கேட்பது காபியைப் பற்றித்தான். உப்பைக் குறைக்கச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். வாழைப்பழத்தையும் இளநீரையும் நிறுத்தச் சொன்னால் முகம் சுளித்தாலும் நிறுத்திவிடுகிறார்கள். காலைக் காபியின் அளவைப் பாதியாக்குங்கள் என்னும்போது மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளாக விடியலில் கையில் ஏந்திய டம்ளர் அது. அதில் கால் பங்கு மட்டும் ஊற்றி நீட்டும் மனைவியையோ மருமகளையோ நோயாளி பார்க்கும் பார்வையைக் குடும்பத்தினர் பலர் எங்களிடம் வருத்தத்தோடு விவரித்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டின் காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம். சிறுநீர் குறைந்துவிட்ட உடலில், உள்ளே செல்லும் நீர் வெளியேற வழியில்லாமல் அடுத்த டயாலிசிஸ் வரை தங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் தங்கினால் எடை ஒரு கிலோ கூடும். அது முதலில் காலில் வீக்கமாகத் தெரியும். பின்னர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கும் நிலையில் அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் பலர், இரு டயாலிசிஸுகளுக்கு இடையிலான நீண்ட இடைவெளியின் முடிவில் வருபவர்கள். உலர் எடை 60 கிலோ உள்ள ஒருவருக்கு இடைப்பட்ட நாட்களில் எடை ஏறக்குறைய 2.4 கிலோவுக்கு மேல் கூடாதிருத்தல் நலம். இதனால்தான் ஒரு நாளைக்குரிய நீர்மத்தின் அளவை, முந்தைய நாள் கழித்த சிறுநீரின் அளவோடு 500 மில்லி லிட்டர் கூட்டி, பொதுவாகக் கணக்கிடுகிறோம்.

நாளொன்றுக்கு 200 மி.லி. சிறுநீர் கழிப்பவருக்கு 700 மி.லி. கிடைக்கிறது என்று கொள்வோம். 150 மி.லி. கொள்ளும் எவர்சில்வர் டம்ளரில் மூன்று வேளை காபி குடித்தால் 450 மி.லி. போய்விடும். எஞ்சிய 250 மி.லி.யில் மாத்திரைக்கான தண்ணீர், ரசம், மோர், தாகத்துக்கு நீர் என எல்லாம் அடங்க வேண்டும். கோடைக்காலத்தில் இது எவருக்கும் கடினம்.

இந்த நிலையில்தான், கடைகளில் ‘மில்க் ஃப்ராத்தர்’ என்றும் ‘காபி பீட்டர்’ என்றும் விற்கப்படும் சிறு மின்கருவியைப் பற்றி நோயாளியின் மகள் ஒருவர் எங்களிடம் வினவினார். “நுரை நிறைய வந்தால் டம்ளர் நிறைந்த மாதிரி இருக்கும் அல்லவா, அப்பாவுக்கு அதைக் கொடுக்கலாமா?” என்பது அவர் கேள்வி. நல்ல கேள்வி. விடை சொல்லும் முன் நாங்களே பயன்படுத்திப் பார்ப்பது முறை என்று கருதி, சில நூறு ரூபாய் விலையில் ஒன்றை வாங்கி எங்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று வாரங்கள் வைத்துக்கொண்டோம்.

கருவி மிக எளியது. கைப்பிடிக்குள் இரண்டு பென்சில் பேட்டரிகள், ஒரு சிறு மோட்டார். அதிலிருந்து நீளும் கம்பியின் நுனியில் சுருள்வில்லால் ஆன வளையம். பொத்தானை அழுத்தினால் வளையம் வேகமாகச் சுழன்று பாலுக்குள் காற்றை இழுத்துச் சிறு குமிழ்களாக உடைக்கிறது. பாலில் உள்ள புரதங்கள் அக்குமிழ்களைச் சுற்றி மெல்லிய சுவராகப் படிவதால் நுரை நிற்கிறது. மோர் கடையும் மத்தும் இதன் உறவினர்தான். மெக்சிகோவில் சாக்லேட் பானத்தை நுரைக்கச் செய்ய மரத்தாலான ஒரு கடைகோலை இரு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுகிறார்கள். நம்மவர்களோ டம்ளரையும் டவராவையும் கொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றியே இந்த வேலையை முடித்துவிட்டார்கள்.

ஆற்றுவதற்கு இரண்டு கைகளும் உறுதியான மணிக்கட்டும் தேவை என்பதை நலமாக இருப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பக்கவாதத்தால் ஒரு கை சோர்ந்தவர், கைநடுக்கம் உடையவர், மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர் ஆகியோருக்கு அது இயலாது. நீண்டகால நீரிழிவால் விரல்களில் உணர்வு மங்கியவர்கள் கொதிக்கும் டவராவைப் பிடித்துச் சூடுபட்டதை அறியாமலேயே கொப்புளத்தோடு வருகிறார்கள். இவர்களுக்கு ஒரு கையால் இயக்கும் கருவி உண்மையிலேயே உதவும். பொத்தான் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய வகையைவிட, ஒருமுறை தள்ளினால் ஓடிக்கொண்டிருக்கும் வகை இவர்களுக்கு ஏற்றது.

இனி எங்கள் சோதனைக்கு வருவோம். மருந்துக் குப்பியோடு வரும் அளவுக் குவளையால் 60 மி.லி. சமன்படுத்திய பாலை அளந்து, காய்ச்சி, ஆடையை நீக்கி, உயரமான டம்ளரில் ஊற்றி அரை நிமிடம் கருவியை ஓட்டினோம். பால் ஏறக்குறைய இரு மடங்காக எழுந்தது. 20 மி.லி. கெட்டி டிகாஷன் சேர்த்தபோது 150 மி.லி. டம்ளர் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிறைந்தது. நிறைகொழுப்புப் பாலில் சுவை மேலாக இருந்தது. நுரை சற்று விரைவாக அடங்கியது. வெதுவெதுப்பான பாலில் எந்த வகையிலும் நுரை நிற்கவில்லை. பாதி உருகிய கொழுப்புத் துகள்கள் குமிழ்ச் சுவரை உடைத்துவிடுவதே காரணம். நன்றாகச் சூடாக, ஆனால் கொதிநிலைக்குக் கீழே, 60 முதல் 65 பாகை செல்சியஸ் அளவில் உள்ள பாலே சிறந்தது. வெப்பமானி இல்லாதவர்கள் காய்ச்சிய பாலை இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டால் போதும். ஆடையை எடுக்காவிட்டால் அது சுருள்வில்லில் சுற்றிக்கொண்டு எரிச்சலூட்டும். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பால் இருந்தால் சூடாகத் தெறிக்கும். வளையம் பாலுக்குள் மூழ்கிய பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும், நின்ற பின்னரே வெளியே எடுக்க வேண்டும்.

சுவையைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கையால் ஆற்றிய காபியின் நுரை பெரிய குமிழ்களாக, கலகலவென்று இருக்கும். இக்கருவியின் நுரை பஞ்சுபோல் நெருக்கமானது. எங்களுக்கு முன்னதே பிடிக்கிறது. வீட்டில் இதில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

கணக்கு இப்போது மாறுகிறது. ஒரு வேளைக்கு 80 மி.லி. என்றால் மூன்று வேளைக்கு 240 மி.லி. மிச்சம் 210 மி.லி.; அதாவது தாகத்துக்கு நிறைவாக ஒரு டம்ளர் தண்ணீருக்கும் மேலே. முன்பு ஒரு வேளைக் காபியில் 110 மி.லி. பால் சேர்ந்ததாகக் கொண்டால், நாளொன்றுக்கு 150 மி.லி. பால் குறைகிறது, அதோடு சுமார் 140 மில்லிகிராம் பாஸ்பரசும் குறைகிறது. பாஸ்பரஸ் கூடியதால் அரிப்பும் எலும்பு வலியும் கொண்டவர்களுக்கு இது பொருட்படுத்தத்தக்க அளவு. சர்க்கரையும் பாதியளவே தேவைப்படும். ஆனால் அதே 150 மி.லி. பாலோடு ஐந்து கிராம் அளவுக்குப் புரதமும் போய்விடுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் புரதத் தேவை அதிகம். எனவே முட்டையின் வெள்ளைக்கரு போன்றவற்றால் அதை ஈடுசெய்வது குறித்து உணவியல் நிபுணரிடம் கட்டாயம் பேசிக்கொள்ளுங்கள்.

இம்முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. நுரை கண்ணை ஏமாற்றும். அந்த ஏமாற்றம் நமக்கு உதவுவதற்காகவே இதைச் செய்கிறோம். ஆனால் அளப்பவரையே அது ஏமாற்றிவிடக் கூடாது. நுரைத்த பின் டம்ளரைப் பார்த்து அளவு சொல்ல எவராலும் இயலாது. ஆகவே பாலையும் டிகாஷனையும் நுரைக்கும் முன்பே அளந்துவிட வேண்டும். நுரை அடங்கிய பின் “இன்னும் கொஞ்சம்” என்று ஊற்றினால் இந்த முயற்சிக்கே பொருளில்லை. மேல்நுரை ஆறியிருக்க, அடியில் உள்ள காபி கொதித்துக்கொண்டிருக்கும். ஆற்றிய காபியைப் போல் எண்ணி வேகமாக உறிஞ்ச வேண்டாம்.

நுரை நன்றாக வருகிறது என்பதற்காகப் பாலுக்குப் பதில் காபி வெண்பொடிகளையோ, காபிக்கென்றே தயாரிக்கப்படும் தாவரப் பால்களையோ நாடுபவர்கள் உறையைப் படிக்க வேண்டுகிறோம். கட்டியாகாமல் இருக்கவும் திரியாமல் இருக்கவும் அவற்றில் பெரும்பாலும் பாஸ்பேட் உப்புகளைச் சேர்க்கிறார்கள். சேர்மானப் பட்டியலில் ‘பாஸ்பேட்’ என்ற சொல்லோ, 339, 340 என்ற எண்களோ இருந்தால் சிறுநீரக நோயாளிகள் தவிர்ப்பது நல்லது. பாலில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸைவிட இந்த உப்புகள் உடலில் எளிதாக உறிஞ்சப்படுகின்றன. 340 என்பது பொட்டாசியத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

வாசகர்களில் வேறு துறை நோயாளிகளும் இருப்பதால் சிலவற்றைச் சேர்த்துக் கூறுகிறோம். புரதப் பொடியைக் கட்டியின்றிக் கலக்க இக்கருவி மிக நன்று. பத்து வினாடி போதும், அதற்கு மேல் ஓட்டினால் நுரையோடு காற்றையும் விழுங்கி வயிறு உப்பும். மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்தும் வீடுகளில், இதனால் கலக்கிய உணவை நுரை முற்றிலும் அடங்கும் வரை வைத்திருந்து பின்னரே செலுத்த வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு நுரைத்த பானத்தைக் கெட்டியான பானம் என்று எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். வாயில் பட்டவுடன் நுரை கரைந்து தண்ணீரைப் போன்ற பாலாகிவிடும். அது மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியா வரக்கூடும். அவர்களுக்குப் பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் குறித்துக் கொடுத்த பதமே பதம்.

தூய்மையைப் பற்றி நாங்கள் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்போம். சுருள்வில்லின் இடுக்குகளில் பால் உலர்ந்தால், அது கிருமிகளுக்கு வீடு. குடித்து முடித்துக் கழுவலாம் என்று வைக்காமல், நுரைத்த உடனே ஒரு துளி சோப்பு கலந்த வெந்நீரில் வளையத்தை ஓடவிட்டு, பின் நல்ல வெந்நீரில் ஒருமுறை ஓட்டி, தலைகீழாக நிறுத்தி உலரவிட வேண்டும். கைப்பிடியைத் தண்ணீரில் முக்கக் கூடாது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களின் வீட்டில் இதில் சலுகையே கிடையாது. சில மாதிரிகளில் பொத்தான் வடிவ பேட்டரி உண்டு. குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும் என்பதால் அத்தகையவற்றை வாங்க வேண்டாம்.

உப்பு குறையாமல் தாகம் குறையாது என்பதையும் இங்கேயே நினைவூட்டுகிறோம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் மொத்த உப்பும் இருக்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் தொடரும் வீட்டில் எந்தக் கருவியும் பயன் தராது.

உங்கள் வீட்டு டம்ளர் 150 மி.லி. கொள்ளுமா, 200 மி.லி. கொள்ளுமா என்பது பெரும்பாலான நோயாளிகளுக்குத் தெரிவதில்லை. அடுத்த முறை டயாலிசிஸுக்கு வரும்போது வழக்கமாகக் காபி குடிக்கும் டம்ளரை உடன் எடுத்து வாருங்கள். உணவியல் நிபுணர் அதை அளந்து, பாலுக்கு ஒரு கோடும் டிகாஷனுக்கு ஒரு கோடும் வெளிப்புறத்தில் அழியாத மையால் இட்டுத் தருவார்.