அறிக்கையின் நிறத்துக்கு யார் பொறுப்பு?

2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோலாலம்பூரின் பங்சார்வாசிகள் காலையில் முதலில் தேடியது ஒரு நிறத்தைத்தான். பங்சாரை உள்ளடக்கிய லெம்பா பந்தாய் வட்டாரம் சிவப்பு. 41 கோவிட் சம்பவங்களைத் தொட்டுவிட்டால் சிவப்பு மண்டலம் என்று சுகாதார அமைச்சு வகுத்திருந்தது. எண்ணிக்கையை நிதானமாகப் படித்தவர்கள் குறைவு. நிறத்தைப் பார்த்தே சந்தைக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள்தான் அதிகம்.

இன்று பங்சாரின் அலுவலகங்களில் அந்த வேலையை டேஷ்போர்டுகள் செய்கின்றன. விற்பனை, கடன் பாக்கி, ஊழியர் வருகை எல்லாமே பவர் பிஐ போன்ற மென்பொருளில் வண்ணக் கட்டங்களாக வருகின்றன. அந்த வண்ணங்களை முடிவு செய்வது 'தீம்' எனப்படும் ஒரு சிறிய கோப்பு. பவர் பிஐயில் அது ஜேசன் வகைக் கோப்பு. நோட்பேடில் திறந்தே படிக்கலாம். உள்ளே நிறக் குறியீடுகள், எழுத்துரு, பின்னணி. கூடவே 'குட்', 'நியூட்ரல்', 'பேட்' என்று மூன்று நிறங்களும் இருக்கும். ஒரு கிளை நன்றாக நடக்கிறதா, ஓர் ஊழியர் பின்தங்கிவிட்டாரா என்ற தீர்ப்பு அந்த மூன்று நிறங்களில்தான் மேலாளரின் கண்ணுக்குப் போகிறது. நிறுவனச் சின்னத்துக்குப் பொருத்தமாக இருந்தால் போதும் என்று வடிவமைப்பாளர் ஒருவரிடம் மட்டும் அதை விட்டுவிடுவது தவறு என்பேன்.

நிறத்துக்கு உலகப் பொதுவான பொருள் கிடையாது. நம் நாட்டுக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் 101 முதல் 200 வரை மஞ்சள். அது ஆரோக்கியமற்ற நிலை. அமெரிக்கக் குறியீட்டில் மஞ்சள் என்பது 51 முதல் 100 வரையிலான மிதமான நிலை. அந்தப் பழக்கத்தில் இருப்பவர், புகைமூட்ட நாளில் நம் வரைபடத்தின் மஞ்சளைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் திடலுக்கு அனுப்பிவிடக்கூடும். பங்குச் சந்தையிலும் இதே கதைதான். இங்கே சிவப்பு விலை வீழ்ச்சி. ஷாங்ஹாயிலும் தோக்கியோவிலும் சிவப்பு விலை ஏற்றம்.

நிறமே பிரித்தறிய முடியாதவர்களின் நிலை இன்னும் மோசம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு நிறக்குருடு உண்டு. ஆசிய ஆண்களிடையே சற்றுக் குறைவு. பெரும்பாலோருக்குக் குழப்பம் சிவப்பிலும் பச்சையிலும்தான். நம் டேஷ்போர்டுகள் நம்பியிருப்பதும் அதே இரண்டு நிறங்களைத்தான். பங்சாரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில், 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்குகிறது. பார்வையற்றவர்களை அன்றாடம் பார்க்கும் வட்டாரம் இது. இருந்தும் அலுவலகத் திரையில் அவர்களை மறந்துவிடுகிறோம்.

பரிகாரம் கடினமில்லை. பவர் பிஐயின் 'வியூ' பகுதியில் தீம் பட்டியலைத் திறந்தால், எல்லோரும் பார்க்கத் தகுந்ததாக அமைத்த தீம்கள் தயாராகவே இருக்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடும், வரைபடக் கூறுகளுக்கு 3-க்கு 1-உம் வேண்டும் என்கிறது உலக இணைய அணுகல் நெறி. நிறத்தோடு ஓர் அம்புக்குறியோ ஒரு சொல்லோ சேர்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்குத் தீம் எதுவும் உதவாது. ஒவ்வொரு படத்துக்கும் மாற்று விளக்கம் எழுதியாக வேண்டும்.

புதிய தீம் போட்டதும் எல்லாம் மாறிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். தனித்தனிப் படங்களில் கையால் போட்ட நிறங்கள் அப்படியே நிற்கும். ஏற்கெனவே வெளியிட்ட அறிக்கைகளும் தாமாக மாறா. ஒவ்வொன்றிலும் தீம் கோப்பை மீண்டும் ஏற்றி, மறுபடி வெளியிட வேண்டும்.

பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. "உங்க தீம் அழகா இருக்கே, கொஞ்சம் அனுப்புங்க" என்று கேட்டால் பலர் முழு அறிக்கைக் கோப்பையே வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார்கள். பிபிஐஎக்ஸ் என்று முடியும் அந்தக் கோப்பில், இம்போர்ட் முறையில் சேர்த்த தரவு முழுவதும் உட்கார்ந்திருக்கும். வாடிக்கையாளர் பெயர், கைப்பேசி எண், சம்பளம், எல்லாமே. பக்கத்தை மறைத்து வைத்தாலும் தரவு உள்ளேதான். கேட்டவருக்குத் தேவை ஜேசன் கோப்பு மட்டுமே; 'சேவ் கரண்ட் தீம்' கொடுத்தால் அது தனியாகக் கிடைக்கும். அதேபோல் 'பப்ளிஷ் டு வெப்' என்ற வசதியைத் தொட்டால் கடவுச்சொல் இல்லாமலே யாரும் பார்க்கலாம். நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று நண்பரிடம் காட்டக்கூட அதைப் பயன்படுத்தாதீர்கள்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, இப்படிப்பட்ட கசிவுக்கு இப்போது கடுமையாகப் பதில் சொல்கிறது. 2025 ஜூன் 1 முதல், கணிசமான பாதிப்பு வரக்கூடும் என்றாலோ 1,000 பேருக்கு மேல் சம்பந்தப்பட்டிருந்தாலோ, நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். கணிசமான பாதிப்பு இருந்தால், அதற்கடுத்த 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். ஆணையருக்குத் தெரிவிக்காமல் மறைத்தால் 2,50,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ. உங்களைப் பற்றிய தரவு என்ன இருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்டால் 21 நாளுக்குள் பதில் தர வேண்டிய கடமையும் நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் மத்திய, மாநில அரசுகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது.

அணுகலுக்கும் சட்டம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-இன் 30-ஆம் பிரிவு, தகவலையும் தொழில்நுட்பத்தையும் சமமாக அணுகும் உரிமையைத் தருகிறது. மீறினால் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. அது பெரிய குறை. இருந்தாலும், மாற்றுத்திறன் காரணமாக வேலையில் பாகுபாடு காட்டப்படுவதாக உணர்ந்தால் ஆள்பல இலாகாவிடம் புகார் செய்யலாம். வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த 69எஃப் பிரிவு, அதை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரத்தை அந்த இலாகாவின் தலைமை இயக்குநருக்குத் தருகிறது.

நாளைக்கே உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள்: நம் தீம் கோப்பு யாரிடம் இருக்கிறது, அதை மாற்ற யாருக்கு அனுமதி, சிவப்பும் பச்சையும் தெரியாத சக ஊழியர் அறிக்கையைப் படித்துப் பார்த்தாரா? பதில் இல்லையென்றால் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.