மருந்தோடு வேலையும் சிகிச்சைதான்



2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டு வந்தவர்களும் வேறு வழி தெரியாத நம்மைப் போன்ற குடும்பத்தார்தான். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடுக்கிறது. வழியும் இன்று இருக்கிறது.

மனச்சிதைவு நோயில் காதில் குரல் கேட்பதும் வீண் சந்தேகமும் மருந்தால் பெரும்பாலும் அடங்கும். கவனம், ஞாபகம், திட்டமிடும் திறன் ஆகியவை அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. பிள்ளை படுத்தே கிடந்தால் சோம்பேறி என்று ஏசுகிறோம். அது நோயின் மிச்சம். இதற்குத்தான் அறிவுத்திறன் பயிற்சியும் தொழில்வழிச் சிகிச்சையும். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மருத்துவத்தோடு மறுவாழ்வுப் பயிற்சியும் தருகிறது.

வீட்டிலும் தொடங்கலாம். மூன்று சாமான் சொல்லிக் கடைக்கு அனுப்புங்கள், பழகியதும் ஐந்தாக்குங்கள். மீதிச் சில்லறையை அவரே எண்ணட்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒரு சிறு வேலை கொடுங்கள்: ஆட்டுக்குத் தழை போடுவது, துணி மடிப்பது. ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள். தவறினால் கடிந்துகொள்ளாதீர்கள். முடித்தால் சிறு கூலி கொடுங்கள். சொந்தக் காசு கையில் இருந்தால் மனிதர் நிமிர்வார்.

ஓதுவோம், துஆ செய்வோம். மருத்துவரைக் கேட்காமல் மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும். தனியே போகத் தயக்கமா? டிரஸ்ட் அலுவலகத்தில் சொல்லுங்கள், கூட வருகிறோம். விஷயம் வெளியே போகாது.

வஸ்ஸலாம்.
செயலாளர்