கம்பியின் மறுமுனையில் என்ன இருக்கிறது?

வீட்டுக்குள் ஒரு கொட்டகை – 9

போன வாரம் டிவியை முடித்துவிட்டோம். இனி அதற்குப் படம் கொடுக்கும் பெட்டி. கடைக்காரர்கள் வருத்தப்பட்டாலும் சரி, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் டிவி வெறும் ஃபுல் எச்டி, அதாவது 1080பி என்றால், இருப்பதிலேயே விலை குறைந்த புளூ-ரே பிளேயரை வாங்கிக்கொண்டு வாருங்கள். அதைப்போல ஏழெட்டு மடங்கு விலையுள்ள பிளேயரில் அதே புளூ-ரே டிஸ்க்கைப் போட்டு, அதே டிவியில் பார்த்தாலும் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடப் போவதில்லை.

விலை ஏற ஏறப் படம் தெளியும் என்பது வீடியோ கேசட் காலத்து நம்பிக்கை. அப்போது அது உண்மையும்கூட. டெக்கின் ஹெட் தேய்ந்தால் திரையில் பூச்சி பறக்கும். நல்ல டெக்கில் போட்டால் அதே கேசட் பளிச்சென்று ஓடும். புளூ-ரேயில் 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஊதா லேசர் படிப்பதெல்லாம் வெறும் எண்கள். டிஸ்க்கில் சின்னக் கீறல் விழுந்திருந்தாலும் பிழைதிருத்தும் முறை அந்த எண்களை அப்படியே மீட்டுவிடும். மீட்க முடியாமல் போனால் படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது நின்றே போகும். இடைப்பட்டு ‘கொஞ்சம் மங்கலாகப் படிப்பது’ என்று ஒன்று கிடையாது. எச்.264 முறையில் சுருக்கிய படத்தை எப்படி விரிக்க வேண்டும் என்பதும் விதிமுறையிலேயே கடைசிப் புள்ளிவரை எழுதப்பட்டிருக்கிறது. எந்த நிறுவனத்தின் சிப் விரித்தாலும் ஒரே படம்தான் வந்தாக வேண்டும்.

அப்படியானால் கூடுதல் காசு எதற்கு? படத்தை விரித்த பிறகு, பிளேயர் சொந்தமாக முடிவெடுக்க வேண்டிய சில இடங்கள் இருக்கின்றன. அங்கேதான் நல்லதும் சுமாரும் பிரிகின்றன.

முதலாவது நிறம். டிஸ்க்கில் வெளிச்சத்துக்கு 1920×1080 புள்ளிகள் இருந்தால், நிறத்துக்கு அதில் கால்பங்கு, 960×540 மட்டுமே இருக்கும். மீதியைப் பிளேயரோ டிவியோ ஊகித்து நிரப்புகிறது. சிவப்பு எழுத்துகளின் ஓரத்தில் பிசிறு தெரிகிறதா என்று மூக்கைத் திரையில் வைத்துப் பார்ப்பவர்கள் இதற்குக் கவலைப்படலாம். சோபாவில் இருப்பவர்களுக்கு வேண்டாம்.

இரண்டாவது, பழைய டிவிடிகள். அலமாரி நிறைய டிவிடி வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம். 720×480 அல்லது 720×576 புள்ளிகளை வைத்துக்கொண்டு ஒரு பெரிய திரையை நிரப்ப வேண்டும். அதுவும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று பிரித்து வைத்த படத்தைச் சேர்த்துக் கோக்க வேண்டும். மட்டமான சிப் கோத்தால், ஓடுகிறவர்களின் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரியும்.

மூன்றாவதுதான் இன்றைக்கு முக்கியம். 2016 முதல் வரும் 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எச்டிஆர், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான வீச்சு அதிகமுள்ள படம். வெளிச்சத்தின் உச்சத்தை ஸ்டுடியோக்காரர்கள் 1000 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) என்றோ 4000 நிட் என்றோ வைத்துப் படத்தைத் தயார் செய்கிறார்கள். நம் வீட்டு நடுத்தர விலை டிவி 300, 400 நிட்டைத் தாண்டவே திணறும். அந்தப் பெரிய வெளிச்சத்தை இந்தச் சின்னத் திரைக்குள் யாராவது அடக்கியாக வேண்டும். இதை டோன் மேப்பிங் என்கிறார்கள். டிவி அதை அரைகுறையாகச் செய்தால் மேகமெல்லாம் வெள்ளைத் திட்டாகிவிடும், இல்லையென்றால் படம் முழுக்கச் சாயங்காலம் ஆறரை மணிபோல் இருண்டுவிடும். ‘4கே டிஸ்க் போட்டால் படம் இருட்டாக இருக்கிறது’ என்று புலம்புகிறவர்கள் பலரின் வீட்டிலும் நடப்பது இதுதான்.

பானாசோனிக்கின் டிபி-யுபி820 இந்த வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது. உங்களிடம் இருப்பது ஓஎல்இடியா, பளிச்சென்ற எல்இடியா, சாதாரண எல்இடியா, புரொஜெக்டரா என்று செட்டிங்ஸில் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப வெளிச்சத்தை மடக்கி அனுப்பும். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. உச்ச விலை டிவி வைத்திருப்பவருக்கு இந்தப் பிளேயர் அவ்வளவாகத் தேவையில்லை, ஏனென்றால் அவர் டிவியே இதை ஒழுங்காகச் செய்துவிடும். சுமாரான 4கே டிவியும் புரொஜெக்டரும் வைத்திருப்பவர்தான் நல்ல பிளேயரால் கண்கூடாகப் பலனடைகிறார். கடையில் இதற்கு நேர்மாறாகத்தான் ஜோடி சேர்த்து விற்கிறார்கள்.

டால்பி விஷன் டிஸ்க்குகளில் காட்சிக்குக் காட்சி வெளிச்சக் குறிப்பு கூடவே வரும். டிவி அதை ஏற்க வேண்டும். சாம்சங் டிவிகள் ஏற்பதில்லை, அவை அதற்குப் போட்டியான எச்டிஆர்10 பிளஸ் பக்கம். யுபி820 இரண்டையும் தரும். சோனியின் எக்ஸ்700, எக்ஸ்800எம்2 இரண்டிலும் டால்பி விஷன் உண்டு, ஆனால் அதை நாமே செட்டிங்ஸில் போய்ப் போட வேண்டும், சாதாரண எச்டிஆர் டிஸ்க் வந்தால் மறுபடி போய் அணைக்க வேண்டும். வாரம் ஒரு படம் பார்ப்பவருக்குப் பரவாயில்லை. எனக்குப் பொறுமை கிடையாது.

ஒலிக்கு வருவோம். ஓடிடி இருக்க டிஸ்க் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் படமல்ல, ஒலிதான். ஓடிடியில் வரும் டால்பி அட்மாஸ் ஒலி டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கத்தில் வருகிறது. சுருக்கும்போது ஒலியில் ஒரு பகுதியைக் கழித்துவிடுவார்கள். டிஸ்க்கில் இருக்கும் டால்பி ட்ரூஎச்டியும் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவும் ஒரு பிட்கூட இழக்காதவை. அவற்றை எந்தப் பிளேயர் எச்டிஎம்ஐ வழியே கொடுத்தாலும் ஒன்றுதான். ஒலி கெடுவது வழியில்.

பிளேயரை டிவியில் சொருகி, டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே திருப்பி அனுப்பும் வழி) வழியாக எடுத்தால் ட்ரூஎச்டி வந்து சேராது. அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இரண்டு பக்கமும் இருந்தால் வரும். ஆப்டிகல் கேபிளுக்கு அந்தக் கொள்ளளவே இல்லை. சில டிவிகள் டிடிஎஸ் ஒலியை வாங்கிக்கொள்ளவே மறுக்கும். ஆகவே முடிந்தால் பிளேயரிலிருந்து கேபிளை நேராக ரிசீவருக்கு, அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து டிவிக்கு அனுப்புங்கள். ரிசீவர் பழசு, 4கே படத்தைக் கடத்தத் தெரியாது என்றால், யுபி820இலும் எக்ஸ்800எம்2இலும் இரண்டு எச்டிஎம்ஐ வாய்கள் இருக்கின்றன. ஒன்றில் படம் டிவிக்கு, இன்னொன்றில் ஒலி ரிசீவருக்கு.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரு செட்டிங்கைக் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம். ‘செகண்டரி ஆடியோ’ என்று ஒன்று இருக்கும். இயக்குநரின் வர்ணனை, மெனுவின் டிக் டிக் சத்தம் போன்றவற்றைப் படத்தின் ஒலியோடு கலப்பதற்கானது. அது ஆனில் இருந்தால், மாஸ்டர் ஒலியைப் பிளேயர் அப்படியே அனுப்பாமல் பிரித்துக் கலந்து, சாதாரண டால்பியாகவோ டிடிஎஸ்ஸாகவோ மாற்றி அனுப்பும். அதை ஆஃப் செய்து, ஒலி வெளியீட்டை ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று வைத்தால் ரிசீவரின் முகப்பில் ட்ரூஎச்டி என்றோ அட்மாஸ் என்றோ எழுத்து வரும். வராவிட்டால் எங்கோ அடைத்திருக்கிறது.

எச்டிஎம்ஐ இல்லாத பழைய ஆம்ப்ளிஃபையரை விட மனமில்லாதவர்களுக்குக் கதை வேறு. அங்கே எண்களை ஒலியாக மாற்றுவது பிளேயர்தான், எனவே அதற்குள் இருக்கும் சிப்புக்கும் அனலாக் சர்க்யூட்டுக்கும் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. யுபி820இல் 7.1 அனலாக் வெளியீடு உண்டு. இந்த வகையில் பெயர் வாங்கிய ஒப்போ நிறுவனம் 2018இல் பிளேயர் தொழிலையே விட்டுவிட்டது. அதன் யுடிபி-205 பழைய மார்க்கெட்டில் இன்றும் கிராக்கியாக இருக்கிறது. லேசர் போனால் மாற்றுப் பாகத்துக்கு எங்கே போவீர்கள் என்பதை யோசித்துவிட்டு வாங்குங்கள். சாம்சங்கும் எல்ஜியும்கூட விலகிவிட்டன. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் 4கே டிஸ்க் ஓடும், ஆனால் இரண்டிலுமே டிஸ்க்கிலிருந்து டால்பி விஷன் வராது.

வெளிநாட்டு உறவினர்களிடம் டிஸ்க் வாங்கிவரச் சொல்லுமுன் ஒரு எச்சரிக்கை. புளூ-ரே கணக்கில் இந்தியாவும் இலங்கையும் சி மண்டலம். லண்டன் அத்தை பி மண்டலம். டொரன்டோ, சிங்கப்பூர், கோலாலம்பூர்க்காரர்கள் ஏ. மண்டலப் பூட்டு போட்ட சாதாரண புளூ-ரே இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்குகளுக்கு அந்தப் பூட்டு இல்லை, தாராளமாகச் சொல்லி அனுப்பலாம்.

கடைக்குப் போகும்போது உங்கள் டிஸ்க் ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். அவர்கள் ஓட்டும் விளம்பரக் காட்சியில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். படத்தின் கடைசிக்குப் போய், பெயர்ப் பட்டியல் மேலேறுவதைப் பாருங்கள். எழுத்துகள் விட்டு விட்டுத் துள்ளினால், விநாடிக்கு 24 பிரேம் படத்தை 60ஆக மாற்றி அனுப்புகிறது என்று சந்தேகப்படலாம். ‘24பி அவுட்புட்’டை ஆன் செய்யச் சொல்லிவிட்டு, அதையே மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

அடுத்த வாரம்: ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது, அலமாரிக்கு மேல் ஏன் வைக்கக் கூடாது.