விமானப் பயிற்சிப் பள்ளி: பணம் செலுத்தும் முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

சென்ற ஆண்டு, மாத இறுதி நாளொன்றில் எங்கள் புணே கிளைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், தம் நிரந்தர வைப்பு ஒன்றை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பேட்டையில் பணியாற்றி, ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த தமிழர் அவர். விமானம் ஓட்டக் கற்க வேண்டும் என்பது அவருடைய மகளுக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே இருந்த விருப்பம். 40 மணிப் பயிற்சிக்கு 6 லட்சம் ரூபாய் கட்டணம் என்றும், மாத இறுதிக்குள் முழுத் தொகையையும் செலுத்தினால் 10 விழுக்காடு தள்ளுபடி என்றும் ஒரு பயிற்சிப் பள்ளி அவர்களிடம் கூறியிருந்தது.

"அந்தப் பள்ளியில் இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன?" என்று கேட்டேன். தந்தைக்கும் தெரியவில்லை, உடன் வந்திருந்த மகளுக்கும் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. முன்பு நான் பணியாற்றிய கிளையில் மற்றொரு வாடிக்கையாளர், தம் மகனுக்காக ஒரு பள்ளியில் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்தியிருந்தார். சில மாதங்களில் விமானங்கள் ஒவ்வொன்றாகப் பழுதுபார்ப்புக்குச் சென்றன. மாணவர் பாதிப் பயிற்சியுடன் வீட்டில் காத்திருக்க, கட்டிய பணத்தைத் திரும்பப் பெற வழியின்றிக் குடும்பம் தவித்தது. அத்தகைய நிலை நம் வாடிக்கையாளர்களுக்கு வராதிருக்க, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

எந்த உரிமம், எதற்காக?

இந்தியாவில் விமானி உரிமங்களை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். டி.ஜி.சி.ஏ. என்ற பெயரில் நாம் அறிந்திருக்கும் அமைப்பு இதுவே. மாணவர் விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 16. தனியார் விமானி உரிமத்துக்கு 17. இரண்டுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானது. தனியார் உரிமம் பெறக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதனுள், பயிற்றுநர் உடனின்றித் தனியே வேற்றூர் ஓடுதளங்களுக்குச் சென்று இறங்கித் திரும்பும் நெடுந்தொலைவுப் பறத்தலும் அடங்கும். எழுத்துத் தேர்வும், வானொலித் தொடர்புக்கான உரிமமும் தனி.

இந்த உரிமத்தைக் கொண்டு ஊதியம் பெற்று விமானம் ஓட்ட இயலாது. அதற்கு வணிக விமானி உரிமம் வேண்டும். அதற்கான பறத்தல் அளவு 200 மணி. ஆகவே, விருப்பத்துக்காகக் கற்பதா, தொழிலுக்கு முதற்படியாகக் கற்பதா என்பதைக் குடும்பம் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விருப்பத்துக்காகத் தொடங்கியதே தொழிலாக வளர்ந்ததும் உண்டு. பம்பாய் பறக்கும் கழகத்தில் பயின்ற ஜே.ஆர்.டி. டாட்டா, 1929 பிப்ரவரி 10 அன்று இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். 1932 அக்டோபர் 15 அன்று அவர் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டிவந்தார். அவ்வஞ்சலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார்.

முதல் செலவு மருத்துவச் சான்றுக்கே

பள்ளிக்கு ஒரு ரூபாய் செலுத்தும் முன்பே, டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் உடற்தகுதிச் சான்று பெறுவது நல்லது. தனியார் உரிமத்துக்கு இரண்டாம் வகுப்புச் சான்று போதும். ஆனால் பின்னாளில் தொழில்முறை விமானியாக எண்ணுவோர், அதைவிடக் கடுமையான முதல் வகுப்புச் சான்றையும் தொடக்கத்திலேயே பெற்றுவிட வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் திறன், செவித்திறன் போன்றவற்றில் தடை இருந்தால், அது சில ஆயிரம் ரூபாய்ச் செலவிலேயே தெரிந்துவிடும். பல லட்சம் செலவழித்தபின் தெரியவந்தால் இழப்பு பெரிது.

புணேயிலிருந்து எங்கே செல்லலாம்?

புணே நகரின் லோஹேகாவ் விமான நிலையம் அடிப்படையில் ஒரு விமானப்படைத் தளம். பயணிகள் விமானங்களும் அதன் ஓடுபாதையையே பயன்படுத்துகின்றன. எனவே நகருக்குள் இருக்கும் பல "ஏவியேஷன் அகாதெமி"கள் வகுப்பறைப் பாடங்களை மட்டுமே நடத்துபவை, அல்லது வேறிடத்துப் பள்ளிக்கு மாணவர்களைச் சேர்த்துவிடும் முகவர்கள். இது குற்றமன்று, ஆயினும் பணம் யாருக்குச் செல்கிறது, பறக்கும் பயிற்சியை யார், எந்த ஓடுதளத்தில் அளிக்கிறார்கள் என்பதை எழுத்தில் பெற வேண்டும்.

புணே மாவட்டத்தில் பறக்கும் பயிற்சி நடைபெறும் இடம், நகரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாராமதி. மாநிலத்தில் துளே, ஜல்காவ், கோந்தியா ஆகிய ஊர்களும் பயிற்சிக்கு அறியப்பட்டவை. தமிழகத்தில், பயிற்சி நிறுவனங்களுக்காக இந்திய விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கிய நிலையங்களுள் சேலமும் ஒன்று. புணேயை அடுத்த ஹடப்ஸரில் டி.ஜி.சி.ஏ.வின் கிளைடர் மையம் உள்ளது. இயந்திரமில்லாத அந்தச் சிறு விமானத்தில் பறந்து பார்ப்பது, தமக்கு இத்துறை ஒத்துவருமா என்று அறியச் செலவு குறைந்த வழி. பறத்தல் நடைபெறுகிறதா என்று முன்னரே கேட்டுச் செல்வது நலம்.

பருவமும் கணக்கில் சேர வேண்டும். பாராமதி மழைமறைவுப் பகுதியில் இருப்பதால் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களைப் போல் அங்கு மழை பெய்வதில்லை. எனினும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தாழ்ந்த மேகமும் காற்றும் பல நாட்களைக் கெடுக்கும். வகுப்பறைப் பாடங்களை மழைக்காலத்தில் முடித்துக்கொண்டு, அக்டோபரில் பறக்கத் தொடங்குவது பயன் தரும்.

விமானங்களை எண்ணுங்கள்

பள்ளியின் விளம்பரத் தாளில் 10 விமானங்கள் இருப்பதாகக் கொள்வோம். பழுதுபார்ப்பு, உதிரிப்பாகத் தட்டுப்பாடு ஆகியவை போக, பறக்கும் நிலையில் இருப்பவை 6. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 3 மணி நேரம் பறந்தால் மொத்தம் 18 மணி. மாணவர்கள் 60 பேர் எனில், ஒருவருக்குக் கிடைப்பது நாளொன்றுக்குச் சராசரியாக 18 நிமிடம். இந்த வேகத்தில் 40 மணியை முடிக்க 133 பறக்கும் நாட்கள் தேவை. மாதத்துக்கு 20 நாட்கள் வானிலை இடங்கொடுத்தால், ஏறத்தாழ 7 மாதம். அதே பள்ளி 90 மாணவர்களைச் சேர்த்திருந்தால், ஒருவருக்கு 12 நிமிடம், 200 நாட்கள், 10 மாதம்.

தாமதம் நேரத்தை மட்டும் வீணாக்குவதில்லை. இரு பாடங்களுக்கிடையே மூன்று வாரம் கடந்துவிட்டால், கற்றது கைவிட்டுப் போகும்; பழைய பாடத்தைப் பணம் கொடுத்து மீண்டும் பறக்க வேண்டும். 40 மணி என்பது சட்டம் கூறும் குறைந்த அளவுதான். மேற்சொன்ன வாடிக்கையாளரின் கணக்கில் மணிக்கு 15,000 ரூபாய். முழுத் தொகையையும் முன்பே கட்டுவதால் கிடைக்கும் தள்ளுபடி 60,000 ரூபாய். இடைவெளிகளால் ஐந்து மணி கூடுதலாகப் பறக்க நேர்ந்தாலே செலவு 75,000 ரூபாய். தள்ளுபடி முழுவதும் கரைந்து, கைப்பணமும் சேர்ந்து போகும்.

எனவே, வார நாளொன்றில் காலையிலேயே ஓடுதளத்துக்கு நேரில் சென்று கேட்க வேண்டியவை இவை:

1. இன்று பறக்கும் நிலையிலுள்ள விமானங்கள், முழுநேரப் பயிற்றுநர்கள், பறந்து பயிலும் மாணவர்கள் எத்தனை?

2. கடைசியாக உரிமம் பெற்ற மாணவர்கள் எத்தனை மணியில், எத்தனை மாதத்தில் முடித்தார்கள்?

3. கட்டணத்துக்குரிய மணி எப்போது தொடங்குகிறது? பொதுவாக, புறப்படுவதற்காக விமானம் நகரத் தொடங்கியது முதல் இறங்கி நிற்கும் வரை பறத்தல் நேரமாகும். நெரிசலான தளத்தில் இயந்திரம் ஓடியபடி காத்திருக்கும் நிமிடங்களுக்கும் நாமே பணம் தருகிறோம்.

4. எரிபொருள் கட்டணத்தில் அடக்கமா? விலை உயர்ந்தால் சுமை யாருக்கு? பயிற்சி விமானங்கள் பலவற்றுக்கும் வேண்டிய 'அவ்காஸ்' எனும் எரிபொருள் நெடுங்காலம் இறக்குமதியாகவே வந்தது; 2022-இல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டுத் தயாரிப்பை அறிமுகப்படுத்தியது.

5. தரையிறங்கும் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, உணவு ஆகியவை சேர்ந்தவையா, தனியா?

விடைகளைப் பள்ளி அலுவலகத்தில் மட்டுமல்லாது, அங்கே காத்திருக்கும் மாணவர்களிடமும் கேட்க வேண்டும். காத்திருப்பவர்களின் எண்ணிக்கையே பாதி விடை.

பாதுகாப்பும் நேர்மையும்

அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியலை டி.ஜி.சி.ஏ. தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. பள்ளியின் பெயருடன், அங்கீகாரம் எந்த ஓடுதளத்துக்கு, எந்த நாள் வரை என்பதையும் பார்க்க வேண்டும். 2025 முதல் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் முறையும் நடைமுறைக்கு வந்துள்ளது. முதல் பட்டியலில் எந்தப் பள்ளிக்கும் உச்சத் தரம் கிடைக்கவில்லை. இருப்பவற்றுள் தேறியதைத் தேடுகிறோம் என்பதை உணர்ந்து, நேரில் பார்ப்பதற்குத் துணையாக இப்பட்டியலைக் கொள்ளலாம்.

2023 அக்டோபரில் பாராமதிப் பகுதியில் ஒரே பயிற்சி நிறுவனத்தின் இரு விமானங்கள் ஒரு வாரத்துக்குள் விபத்துக்குள்ளாயின. அந்நிறுவனத்தின் பறத்தலை டி.ஜி.சி.ஏ. தற்காலிகமாக நிறுத்திவைத்தது. பறத்தல் நின்றால் மாணவரின் பயிற்சியும் நிற்கும். பராமரிப்பை யார் செய்கிறார்கள், அண்மைய நிகழ்வுகளிலிருந்து என்ன மாற்றம் செய்தார்கள் என்று கேட்பதில் தயக்கம் வேண்டா. பொறுப்புள்ள பள்ளி இக்கேள்விக்கு முகம் சுளிக்காது.

பறக்காத மணிகளைப் பறந்ததாகப் பதிவேட்டில் எழுதித் தருவதாக எவரேனும் கூறினால், அங்கிருந்து உடனே வெளியேறிவிட வேண்டும். 2011-இல் இத்தகைய மோசடிகளும் போலிச் சான்றுகளும் வெளிப்பட்டு, விமானிகள் சிலர் கைதாயினர்.

பணத்தை எப்படிச் செலுத்துவது?

ஐந்து அல்லது பத்து மணிக்குரிய தொகையை மட்டும் முன்பணமாகச் செலுத்தி, அது பறந்து தீர்ந்தபின் அடுத்ததைக் கட்டுவதே பாதுகாப்பானது. காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ பள்ளியின் பெயருக்கே செலுத்தி, ரசீது பெற வேண்டும். பாதியில் விலகினால் பறக்காத மணிகளுக்குரிய பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். டி.ஜி.சி.ஏ. நிறைவுச் சான்றைக் கட்டாயமாக்கியுள்ள அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு உண்டு என 2024 அக்டோபரில் மத்திய வரி வாரியம் தெளிவுபடுத்தியுள்ளது. பட்டியலில் அவ்வரி சேர்க்கப்பட்டிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

உடனடித் தேவைக்காக நிரந்தர வைப்பை முறிப்பதைவிட, அதன்மீது கடன் பெறுவது பல வேளைகளில் ஆதாயமானது. எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டுமே வட்டி. வைப்பு தொடர்ந்து வளரும்.

கல்விக் கடனைப் பொறுத்தவரை, டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த விமானிப் பயிற்சி, வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இடம்பெறுகிறது. எனினும் வேலைவாய்ப்புக்கு வழிவகுக்கும் வணிக உரிமப் பயிற்சியையே வங்கிகள் பெரிதும் கருத்தில் கொள்ளும். விருப்பத்துக்கான தனியார் உரிமத்துக்குச் சொந்தச் சேமிப்பை நம்புவதே முறை. கடன் வாங்குவோருக்குத் தாமதத்தின் விலை இன்னும் அதிகம். 40 லட்சம் ரூபாய்க்கு ஆண்டு வட்டி 10 விழுக்காடு எனக் கொண்டால், பயிற்சி ஓராண்டு நீளும்போது ஏறும் வட்டி 4 லட்சம் ரூபாய். பழைய வருமான வரி முறையில் இருப்போர், உயர்கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டியை எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஆனால் அது தாமதத்தின் இழப்பை ஈடுசெய்யாது.

காப்பீட்டையும் மறக்கலாகாது. தனிநபர் விபத்துக் காப்பீடுகள் பலவும், பயணச்சீட்டுப் பெற்ற பயணியாகச் செல்லும் பயணத்தை மட்டுமே ஏற்கும். விமானம் ஓட்டக் கற்கும்போது நேரும் விபத்தை ஏற்பதில்லை. பயிற்சி மாணவருக்குப் பள்ளி எத்தகைய காப்பீடு எடுத்துள்ளது என்று கேட்டு, பாலிசியின் நகலைப் பெற வேண்டும். புதிதாக ஆயுள் காப்பீடு எடுப்போர் பயிற்சி குறித்து விண்ணப்பத்தில் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.

அந்த வாடிக்கையாளர் அன்று வைப்பை முறிக்கவில்லை. அடுத்த வாரம் தந்தையும் மகளும் ஓடுதளத்துக்குச் சென்றனர். விளம்பரத்தில் கண்ட எட்டு விமானங்களுள் மூன்றே பறந்துகொண்டிருந்தன. மேலும் இரு பள்ளிகளைப் பார்த்தபின், கட்டணம் சற்று அதிகமாயினும் பத்து மணிக்கு ஒருமுறை பணம் பெறும் பள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். அண்மையில் மூன்றாவது தவணைக்காகக் கிளைக்கு வந்த மகள், தம் பறத்தல் பதிவேட்டைக் காட்டினார். பயிற்றுநர் உடனின்றித் தனியே பறந்த முதல் நாள் அதில் பதிவாகியிருந்தது. பறந்த மணிகளும் கட்டிய பணமும் அதில் சரியாகப் பொருந்தியிருந்தன.