பாசிட்டிவ் எத்தனை என்பதற்கு முன், டெஸ்ட் எத்தனை?

ஓண வாரத்தின் ஐந்து நாள்

2021 ஆகஸ்ட் 21, சனிக்கிழமை, திருவோணம். அன்று மாலை கேரள சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கையில் புதிய கோவிட் தொற்று 17,106. ஞாயிறு 10,402, திங்கள் 13,383, செவ்வாய் 24,296, புதன் 31,445. ஞாயிறிலிருந்து புதனுக்குள் மூன்று மடங்கு! ஓணக் கொண்டாட்டம்தான் இதற்குக் காரணம் என்று தொலைக்காட்சி விவாதங்களில் உடனே முடிவு கட்டினார்கள். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. அந்த ஐந்து நாட்களில் சோதிக்கப்பட்ட மாதிரிகள் முறையே 96,481, 63,406, 85,650, 1,34,706, 1,65,273. நூறு மாதிரிக்கு எத்தனை பாசிட்டிவ் என்று பார்த்தால் 17.73, 16.41, 15.63, 18.04, 19.03. விடுமுறையில் பல லேப்கள் மூடிக்கிடந்தபோது எண்ணிக்கை சரிந்தது. லேப்கள் திறந்ததும் ஏறியது. தொற்று கூடியதும் உண்மைதான், 16-லிருந்து 19-க்கு வந்ததைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிட முடியாது. அதற்காக அது மூன்று மடங்கு ஆகிவிடாது. சனிக்கிழமை விருந்தில் ஒட்டிக்கொண்ட வைரஸ் உடம்பில் பெருகி, காய்ச்சலாக வெளிப்பட்டு, ஆள் லேபுக்குப் போய், முடிவு கைக்கு வருவதற்குள் புதன்கிழமை கடந்துபோயிருக்கும் என்பதையும் யாரும் யோசிக்கவில்லை.

நோய் எண்ணிக்கையைக் கவனிக்க விரும்பும் எவருக்கும் இந்த ஐந்து நாளை விடச் சிறந்த பாடம் கிடையாது. பாசிட்டிவ் எண்ணிக்கையை மட்டும் தனியே எடுத்து வைத்தால் அது எதையும் சொல்வதில்லை. எத்தனை பேரைச் சோதித்து அது கிடைத்தது, கடந்த ஏழு நாட்களோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கம் நகர்கிறது, நாம் வாழும் பகுதிக்கு அது எவ்வளவு பொருந்துகிறது ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். இதில் முதல் கேள்வியே அடிப்படை. டெஸ்ட் எண்ணிக்கை தெரியாத ஊரில் மற்ற கணக்கெல்லாம் வெறும் ஊகம்.

மாவட்டக் கணக்கும் மட்டாஞ்சேரியும்

எர்ணாகுளம் மாவட்டத்தில் சுமார் 33 லட்சம் பேர். மேற்கே கடலோரச் செல்லானம், கிழக்கே கோதமங்கலத்தின் மலையடிவாரம் எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக அறிக்கையில் வரும். 2020 ஜூலையில் செல்லானத்தின் மீனவக் குடியிருப்புகளிலும் எர்ணாகுளம் மார்க்கெட்டிலும் ஆலுவாவிலும் தொற்று கொத்துக் கொத்தாகப் பரவியது. அடுத்து ஆகஸ்டில் மேற்குக் கொச்சியின் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பக்கம் திரும்பியது. அந்த வாரங்களில் மாவட்டக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, மேற்குக் கொச்சியில் நடப்பது தெரிந்திருக்க வழியில்லை. நெரிசல் இல்லாத பஞ்சாயத்துகளின் அமைதி, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் நெருக்கத்தை மூடி மறைத்துவிடும்.

சிறிய பகுதிகளைத் தனியே பார்க்கும்படி 2021 ஆகஸ்டில் கேரள அரசு புதிய அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தது: ஒரு வாரத்தில் ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குத் தொற்று என்ற கணக்கு. பத்துக்கு மேல் போனால் அங்கே கடுமையான ஊரடங்கு. மாநகராட்சி, நகராட்சிகளில் இதை வார்டு வாரியாகப் பார்த்தார்கள். கொச்சி மாநகராட்சியில் அப்போது 74 டிவிஷன் (வார்டு); மக்கள்தொகை 6 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஆக ஒரு டிவிஷனுக்குச் சராசரியாக எட்டாயிரம் பேர். அப்படியானால் வாரத்துக்கு 80 பாசிட்டிவ், அதாவது நாளுக்குப் பதினொன்று பன்னிரண்டு வந்தாலே எல்லை தொட்டாகிவிட்டது. மாவட்டத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் என்று படித்துப் பழகிய கண்ணுக்குப் பன்னிரண்டு ஒன்றுமே இல்லை போலத் தெரியும். ஆனால் எட்டாயிரம் பேர் வாழும் சந்துகளில் அது பெரிய எண்.

சிறிய இடத்துக் கணக்குக்குத் தனித் தொல்லையும் உண்டு. ஒரே கூட்டுக் குடும்பத்தில் ஏழு பேருக்கு வந்தால் அன்றைய எண் திடீரென்று குதிக்கும், மறுநாள் பூஜ்யத்துக்கு விழும். அதனால் டிவிஷன் அளவில் தினக்கணக்கைப் பார்ப்பதே வீண்; ஏழு நாள் கூட்டுத்தொகையை முந்தைய ஏழு நாள் கூட்டுத்தொகையோடு ஒப்பிட வேண்டும். இதைவிடப் பெரிய குறை, இந்த அளவுகோலில் டெஸ்டுக்கு இடமே இல்லாதது. யாரும் டெஸ்டுக்கே போகாத டிவிஷன் இந்தக் கணக்கில் சுத்தமான டிவிஷனாகத் தெரியும். பாசிட்டிவ் என்று வந்தால் தனிமையில் இருக்கும் அத்தனை நாள் கூலியும் போச்சு என்று அஞ்சுகிற சுமைத் தொழிலாளியும், வேளி டோபிகானா என்ற சலவைக் கூடத்தில் அன்றன்றைக்குத் துவைத்துப் பிழைப்பவரும் லேப் பக்கம் போகத் தயங்கினால் அதில் வியப்பில்லை. மேற்குக் கொச்சி போன்ற இடத்தில் எண் குறைந்தால், நோய் குறைந்ததா, சோதனை குறைந்ததா என்று கேட்காமல் நிம்மதி அடையக் கூடாது.

விகிதமும் ஏமாற்றும்

அப்படியானால் டி.பி.ஆர். என்று கேரளத்தில் டீக்கடை வரை புழங்கிய டெஸ்ட் பாசிட்டிவிட்டி விகிதத்தை மட்டும் நம்பலாமா? அதுவும் தனியே நின்றால் தடம் புரளும். 2021 ஜூனில் உள்ளாட்சிகளை இந்த விகிதத்தைக் கொண்டே பிரித்தார்கள்: 8 சதவீதத்துக்குக் கீழே ஒரு பிரிவு, 20 வரை அடுத்தது, 30 வரை அதற்கடுத்தது, 30-க்கு மேல் மிகக் கடுமையான அடைப்பு. பிறகு வரம்புகளை இன்னும் இறுக்கினார்கள். கடை திறப்பதா மூடுவதா என்பது ஒரு விகிதத்தில் தொங்கும்போது என்ன நடக்கும்? ஆரோக்கியமானவர்களைக் கூட்டி வந்து டெஸ்ட் எடுத்து விகிதத்தை இறக்குகிறார்கள் என்ற புகார் பல இடங்களில் எழுந்தது. அளவுகோலைத் தண்டனைக்கோலாக மாற்றினால் அளவே கெட்டுப்போகும். ஆகஸ்டில் ஆயிரம் பேர் கணக்குக்காக அந்த அளவுகோலைக் கைவிட்டது நியாயம்தான் என்பது என் எண்ணம்.

ஆனாலும் டெஸ்ட் போதுமானதா என்று சொல்ல அந்த விகிதத்தை விட்டால் வேறு கருவி இல்லை. 2021 மே 12 அன்று 1,46,320 மாதிரிகளில் 43,529 பாசிட்டிவ், அதாவது 29.75 சதவீதம். 2022 ஜனவரி 25 அன்று 1,12,281 மாதிரிகளில் 55,475, ஏறக்குறைய பாதி. குறைவாகச் சோதித்து அதிகமாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றால், கண்ணில் படாமல் போனது எத்தனை மடங்கு என்று யோசித்துப் பாருங்கள். மருந்துக்கடைக் கிட்டில் வீட்டிலேயே பார்த்துக்கொண்டு யாருக்கும் சொல்லாதவர்கள் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே, கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் முன் இந்த விகிதம் இரண்டு வாரமாவது 5 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான். அதே நேரம், 2022 ஜனவரியில் தொற்று அவ்வளவு இருந்தும், தடுப்பூசி பரவலாகிவிட்டிருந்ததால், ஆஸ்பத்திரிப் படுக்கைகளில் முந்தைய மே மாதத்து நெருக்கடி இல்லை. ஆக, ஐ.சி.யு.வில் எத்தனை பேர், ஆக்சிஜனில் எத்தனை பேர் என்ற வரியையும் படிக்காமல் விட முடியாது. டெஸ்ட் எந்த வகை என்பதும் முக்கியம்: ஆன்டிஜென் சோதனை விரைவானது, ஆனால் பல தொற்றுகளைத் தவறவிடும், ஆர்.டி.பி.சி.ஆர். நுட்பமானது. ஒரு வாரம் ஆன்டிஜென் பெருகி, அடுத்த வாரம் ஆர்.டி.பி.சி.ஆர். பெருகினால் இரண்டு வாரத்து விகிதத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

கேரளம் ஏன் எப்போதும் பட்டியலின் உச்சியில்?

2021 ஜூலை முடிவில் நாட்டின் புதிய தொற்றுகளில் ஏறக்குறைய பாதி கேரளத்திலிருந்தே வந்தன. அதே ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) நான்காவது ரத்தப் பரிசோதனை ஆய்வு முடிவுகளும் வந்தன. நாடு முழுக்க 67.6 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 69.2 சதவீதம் பேருக்கும் எதிர்ப்புப் புரதம் இருந்தது. கேரளத்தில் 44.4. ஆய்வு நடந்த மாநிலங்களில் இதுவே மிகக் குறைவு. அதாவது அறிக்கையில் முதலிடம் பிடித்த மாநிலத்தில்தான், உண்மையில் வைரஸைச் சந்தித்தவர்கள் குறைவு. தேடியதால் கிடைத்தது ஒரு பங்கு. இன்னும் நோய் தொடாதவர்கள் ஏராளமாக மீந்திருந்ததால் அலை நீண்டது மறுபங்கு. எண் அதிகம் என்பதாலேயே நிர்வாகம் தோற்றது என்றும், எல்லாம் டெஸ்டின் விளைவு, கவலை வேண்டாம் என்றும் இரண்டு தரப்பும் ஒரே புள்ளிவிவரத்தை இழுத்தன. இரண்டுமே பாதி உண்மை. 2025 மே, ஜூனில் கோவிட் மறுபடி தலைகாட்டியபோதும் கேரளம் பட்டியலின் உச்சிக்குப் போனது, இதே வாதம் மீண்டும் நடந்தது.

எதிர்வாதங்கள்

அரசுக் கணக்கே பொய், அதைப் பார்த்து என்ன பயன் என்பது முதல் எதிர்ப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. 2020-இல் பாலக்காட்டு மருத்துவர் அருண் மாதவன் தன்னார்வலர்களோடு சேர்ந்து செய்தித்தாள்களிலிருந்தும் தொலைக்காட்சிகளிலிருந்தும் கோவிட் மரணங்களைத் திரட்டியபோது, அரசுக் கணக்கைவிட மிக அதிகம் வந்தது. பிறகு உச்ச நீதிமன்ற வழக்கையொட்டி விதிகள் மாறி, பழைய மரணங்கள் மாதக்கணக்கில் தினசரி அறிக்கையில் சேர்ந்துகொண்டே இருந்தன; ஒரு நாள் அறிக்கையின் மரண எண் அன்றைய மரணமாகவே இருக்க வேண்டியதில்லை என்ற நிலை. ஆனால் இந்த இடைவெளியைக் கண்டுபிடித்தது யார்? கணக்கைத் தினமும் படித்தவர்கள்தான். படிக்காமல் விட்டவருக்கு அது பொய் என்பதே தெரிந்திருக்காது. கோட்-கே என்ற கேரளத் தன்னார்வலர் குழு மாவட்ட அறிக்கைகளைத் திரட்டி எல்லாரும் எடுத்தாளும்படி திறந்து வைத்ததும், நாடு முழுக்க ‘கோவிட்19இந்தியா’ குழு 2021 அக்டோபர் வரை அதையே செய்ததும் அந்த வழியில்தான்.

இரண்டாவது எதிர்ப்பு: தினமும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் பீதிதான் மிஞ்சும். மெய்தான், மாலை ஆறு மணிக்கு முதல்வரின் பேட்டிக்காகக் காத்திருந்து, அன்றைய எண்ணைக் கிரிக்கெட் ஸ்கோர் போலக் கேட்டவர்களுக்கு மனச்சோர்வு வந்ததில் வியப்பில்லை. வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் பயம் பாதியாகும், தெளிவு கூடும்.

சிறிய இடத்துக் கணக்கு நோயாளியைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற மூன்றாவது எதிர்ப்பைத்தான் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கேரளத்தின் முதல் கோவிட் மரணம், 2020 மார்ச் 28 அன்று, மட்டாஞ்சேரி சுள்ளிக்கலைச் சேர்ந்த, துபாயிலிருந்து திரும்பிய 69 வயது முதியவருடையது. அந்த நாட்களில் நோயாளிகள் போன கடை, ஏறிய பஸ் எல்லாம் வழித்தடப் படமாக வெளிவந்தன. பெயர் இல்லாவிட்டாலும், ஒரு தெருவில் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அந்த வீட்டின் மேல் விழும் பார்வை நோய் போன பிறகும் போகாது. எனவே எண்கள் டிவிஷன் அளவோடு நிற்கட்டும். அதற்குக் கீழே, தெரு வரை இறங்கக் கூடாது. வாரத்துக்கு இரண்டு மூன்று தொற்று மட்டும் உள்ள டிவிஷனில் ‘ஐந்துக்குக் குறைவு’ என்று போட்டால் போதும். வசிப்பவருக்குத் தேவையானது பரவலின் போக்கு. யாருக்கு வந்தது என்பது அல்ல.

தினசரி அறிக்கை நின்ற பிறகு

2022 ஏப்ரலில் கேரளம் தினசரி கோவிட் அறிக்கையை நிறுத்தியது. சில நாட்களில் ஐந்து நாள் எண்களை ஒன்றாக அனுப்பியதால் நாட்டின் ஒருநாள் தொற்று 90 சதவீதம் உயர்ந்தது போலத் தெரிந்தது என்று மத்திய அரசு கடிதம் எழுதியது. தினமும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றது மாநிலம். யார் சொன்னது சரி என்பதை விடுங்கள், ஒரே நாளைய எண்ணை நம்பினால் நாடே ஏமாறும் என்பதற்கு அது சான்று.

இப்போது மட்டாஞ்சேரியில் பார்க்கக் கிடைப்பது, சுகாதார இயக்ககம் மாவட்ட வாரியாக வெளியிடும் காய்ச்சல் கணக்கு. ஜூன், ஜூலை மழையில் மாநிலம் முழுக்க ஒரு நாளுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் காய்ச்சல் நோயாளிகள் பதிவாவதுண்டு. அதில் டெங்கு ‘சந்தேகம்’ ஒரு பத்தி, ‘உறுதி’ இன்னொரு பத்தி, எலிக்காய்ச்சலுக்கும் அப்படியே. சந்தேகம் ஏறி உறுதி ஏறாமல் நின்றால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தச் சோதனை பின்தங்கியிருக்கலாம். ஞாயிறு, பண்டிகை நாட்களின் சரிவைக் கணக்கில் எடுக்காதீர்கள். தனியார் கிளினிக்குக்குப் போனவர்கள் இதில் பெரும்பாலும் வருவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினால், வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருந்தால், கூட்டமான இடத்துக்குப் போகும்போது மாஸ்க் எடுத்துக்கொள்வதும், காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாளிலேயே கருவேலிப்படி தாலுகா ஆஸ்பத்திரியிலோ அருகிலுள்ள வேறிடத்திலோ டெஸ்ட் எடுப்பதும் மருத்துவர் கையில் ஒரு நாளைக் கூடுதலாகத் தரும். எந்தக் காய்ச்சல் என்று தெரியாமல் சில வகை வலி மாத்திரைகளை விழுங்குவது டெங்குவில் ரத்தக் கசிவை வரவழைக்கக்கூடும்.

டிவிஷன் கவுன்சிலரிடமும் சுகாதார மையத்திலும் ஆஷா பணியாளரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த வாரம் இங்கே எத்தனை பேருக்குச் சோதனை நடந்தது? பாசிட்டிவ் எண்ணைச் சொல்லத் தயங்காதவர்கள்கூட இதற்குப் பதில் சொல்லத் தடுமாறுவார்கள், ஏனென்றால் இதுவரை யாரும் அவர்களிடம் அதைக் கேட்டதில்லை.