போலியும் கவரிங்கும்: பழைய ஒப்பனை அணிகலன்களின் காலமும் கலைச்சொற்களும்

முன்னுரை

பொன்னும் மணியும் அல்லாத பொருள்களால் அவற்றின் தோற்றம் அமையச் செய்யப்படும் அணிகலன்களைச் சுட்டத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. போலி நகை, கில்ட் நகை, கவரிங் நகை, முலாம் பூசிய நகை, ரோல்டு கோல்டு, இமிட்டேஷன் என்பன அவற்றுள் சில. அகராதிகள் பெரும்பாலும் இவற்றை ஒருபொருட் பன்மொழிகளாகவே கொள்கின்றன. தொழில்வழக்கை நோக்கினால், இவை வெவ்வேறு செய்முறைகளையும் வெவ்வேறு காலங்களையும் குறித்து எழுந்தவை என்பது புலப்படும். ஓர் அணிகலனின் காலம், மூலப்பொருள், செய்முறை ஆகியவற்றை அறியும் வழிகளையும், அவ்வறிவு சொல்லாய்வுக்கும் மொழிபெயர்ப்புக்கும் பயன்படும் முறையையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. சாணக்கியர் பெயரும் பொன் ஆய்வும்

தில்லியில் அயல்நாட்டுத் தூதரகங்கள் நிறைந்த பகுதிக்குச் சாணக்யபுரி எனப் பெயர். அப்பெயருக்கு உரியவராக மரபு கொள்ளும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், இப்பொருள் பற்றிய தொன்மையான இந்தியச் சான்றுகளுள் ஒன்று. தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் வழங்கிய சுவடியைக் கொண்டு ஆர். சாமசாஸ்திரி 1909இல் மைசூரில் பதிப்பித்த அந்நூலின் இரண்டாம் அதிகரணம், மணிகளின் தேர்வு, பொற்பணிச் சாலையின் மேற்பார்வை, பொற்கொல்லர் செய்யக்கூடிய வஞ்சனைகள் ஆகியவற்றைத் தனித்தனியே விரிக்கிறது. வஞ்சனை வகைகள் ஐந்தனுள் ஒன்று பேடகம் என்பது. ஈயம் முதலிய மலிந்த உலோகத்தின்மேல் பொற்றகட்டைப் பொதிவது அதன்பாற்படும். காய்ச்சுதல், உரைகல்லில் உரைத்தல், கீறி ஒலியை நோக்குதல் ஆகியவற்றால் அதனை அறியலாம் என்று அந்நூல் கூறும்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அர்த்தசாஸ்திரம் வஞ்சனை எனக் கொண்ட பொதிதல் முறையே பிற்காலத்தில் வெளிப்படையாக விற்கப்படும் ஒரு தொழிலாக வளர்ந்தது. செய்முறை ஒத்திருப்பினும் வாங்குவோரின் அறிவு வேறுபடுகிறது. வாங்குபவர் அறியாதவழி அது மோசடி. அறிந்து வாங்கியவழி அது கவரிங்.

2. சொற்களின் அடுக்கு

தமிழில் பொன் பற்றிய சொல்வளம் மிகுதி. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன்னை நால்வகைப்படுத்துவதோடு, மணிகளின் குணங்களையும் குற்றங்களையும் எடுத்துரைக்கிறது. உரைகல், மாற்று, ஆணிப்பொன் முதலிய சொற்கள் தரம் காணும் முறையினின்றும் பிறந்தவை. பொன் அல்லாதவற்றுக்கு வழங்கும் சொற்களோ பெரும்பாலும் பிறமொழிகளிலிருந்து அடுக்கடுக்காக வந்து சேர்ந்தவை.

முலாம் என்பது அரபு மூலத்தினின்று பாரசீகம், உருது வழியாக வந்தது. மேற்பூச்சினால் ஒளியூட்டப்பட்டது என்னும் கருத்தினது. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, பின் சூட்டினால் பாதரசத்தைப் போக்கும் பழைய முறைக்கு வழங்கிய இச்சொல், பின்னர் மின்முலாமுக்கும் உரியதாயிற்று. கில்ட், கவரிங், ரோல்டு கோல்டு என்பன ஆங்கிலத்தினின்று வந்தவை. இவற்றுள் கில்ட் என்பது பூச்சையும், கவரிங் என்பது போர்த்துதலையும், ரோல்டு கோல்டு என்பது தகடாக உருட்டி இணைத்தலையும் சொல்லளவில் குறிக்கின்றன. ஆந்திரத்தின் மசூலிப்பட்டினத்தை அடுத்த சிலகலபூடியின் அணிகலன்கள் ரோல்டு கோல்டு என்னும் பெயராலும், சிதம்பரத்தின் அணிகலன்கள் கவரிங் என்னும் பெயராலும் அறியப்படுகின்றன.

செய்முறை மாறிய பின்னும் பெயர் மாறாது நிற்றல் இத்துறையில் பொதுவிதி எனலாம். இன்று கவரிங் என விற்கப்படுவனவற்றுள் பெரும்பகுதி மின்முலாம் பூசப்பட்டதே. எனவே சொல்லைக் கொண்டு பொருளின் செய்முறையைத் துணிதல் இயலாது. பொருளை நேரே நோக்க வேண்டியுள்ளது.

3. அடி உலோகமும் மேற்பூச்சும்

பொன்போன்ற உலோகக் கலவைகளுக்கு ஐரோப்பாவில் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு பிஞ்ச்பெக். இலண்டன் கடிகாரக் கலைஞர் கிறிஸ்டோபர் பிஞ்ச்பெக் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செம்பும் துத்தநாகமும் கலந்து இதனை உருவாக்கினார். ரோல்டு கோல்டு முறைக்கு 1817இல் இங்கிலாந்தில் காப்புரிமை வழங்கப்பட்டது. எல்கிங்டன் நிறுவனத்தார் 1840இல் பெற்ற காப்புரிமையால் மின்முலாம் வணிக அளவில் பரவலாயிற்று. இவ்வாண்டுகள் ஒரு பொருளின் மேல் எல்லையை வரையறுக்க உதவும். மின்முலாம் பூசிய பொருள் 1840க்கு முற்பட்டதாகக் கூறப்படின், அக்கூற்று ஐயத்திற்குரியது. அல்லது பழைய பொருளுக்குப் பின்னாளில் முலாம் புதுப்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

ரோல்டு கோல்டையும் மின்முலாமையும் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. ரோல்டு கோல்டில் பொற்றகடு அடி உலோகத்தோடு முதலிலேயே இணைக்கப்பட்டு உருளைகளுக்கிடையே அழுத்தப்படுகிறது. அணிகலன் பின்னரே வடிவம் பெறுகிறது. ஆதலின் வெட்டிய விளிம்பிலும் பற்றவைத்த இணைப்பிலும் அடி உலோகத்தின் நிறம் வெளிப்படக்கூடும். மின்முலாமில் அணிகலன் முழுமை பெற்ற பின்னரே பூச்சு ஏறுகிறது. எனவே இடுக்குகளிலும் இணைப்புகளிலும்கூடப் பொன்னிறம் படர்ந்திருக்கும். ஆனால் தோலும் ஆடையும் உராயும் இடங்களில் விரைவில் தேய்ந்து செம்பு தோன்றும்.

உருவாக்கிய முறையையும் அடையாளம் காணலாம். அச்சில் அடித்த தகட்டின் பின்புறம் முன்புற வடிவத்தின் குழிவாகத் தோன்றும். வார்ப்பில் பின்புறம் பெரும்பாலும் தட்டையாகவோ சிறு குமிழ்த் துளைகளோடோ இருக்கும். ஈயம், வெள்ளீயம் சேர்ந்த வெண்ணிற உலோகத்தைச் சுழலும் ரப்பர் அச்சில் வார்க்கும் முறை 1930களுக்குப் பின் பரவியது. போர்க்காலத்தில் வெள்ளீயத்தின் பயன்பாட்டை அமெரிக்க அரசு 1942இல் கட்டுப்படுத்தவே, அந்நாட்டு ஒப்பனை அணிகலன்களில் வெள்ளி இடம்பெற்றது. மலிந்த வகை அணிகலன் ஒன்று பொன்முலாம் பூசிய வெள்ளியாக இருத்தல் முரணாகத் தோன்றினும், அக்காலத்தை அறிய அதுவே நல்ல சான்றாகிறது.

இந்தியச் சூழலில் பொன் கட்டுப்பாட்டு நடவடிக்கைகளும் கருதத்தக்கவை. 1963 சனவரியில் வந்த விதிகள் புதிய பொன் நகைகளின் தரத்தைப் பதினான்கு காரட்டுக்கு மேற்படாதவாறு வரையறுத்தன. 1968இல் இயற்றப்பட்ட பொன் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. இவ்விடைக்காலத்து நகைகளை ஆராய்வோர் இச்சட்டப் பின்னணியை மறத்தலாகாது.

4. கற்கள்: பெயரும் பிறப்பும்

நாட்டிய அணிகளிலும் கோயில் நகைகளிலும் சிறப்பிடம் பெறுவது கெம்பு. நாகர்கோவிலை அடுத்த வடசேரி இவ்வகைப் பணிக்குப் பெயர்பெற்றது. நாகர்கோவில் கோயில் நகைகள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. தலைசாமான், ராக்கொடி, ஒட்டியாணம், வங்கி முதலியவற்றில் செந்நிறக் கற்கள் வரிசையாகப் பதிக்கப்படுகின்றன.

கெம்பு என்னும் சொல் வரலாறு மொழியியலார்க்குச் சுவையானது. அண்ண உயிர்களுக்கு முன் வரும் சொன்முதற் ககரம் தமிழில் சகரமாதல் அறிந்ததே. கன்னடத்தின் கெம்-, தமிழில் செம்- என நிற்கும். ஆதலின் ககரத்தோடு வழங்கும் கெம்பு, அண்டை மொழியினின்று தமிழுக்கு வந்த சொல்லாதல் வேண்டும். அதன் முதற்பொருள் சிவப்பு. கல்லின் வேதியியல் இயல்பு அதன்கண் இல்லை. இயற்கை மாணிக்கம், செயற்கை மாணிக்கம், செந்நிறக் கண்ணாடி ஆகிய மூன்றையும் அது தழுவும்.

பிரெஞ்சு வேதியியலார் வெர்னாய், சுடரில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் ஆக்கும் முறையை 1902இல் அறிவித்தார். அம்முறையில் விளைந்த கல்லை உருப்பெருக்கியில் நோக்கினால் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் நுண்குமிழ்களும் தென்படலாம். இயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடுகள் நேரானவை. கண்ணாடியோ தொடுகையில் விரைவில் வெதுவெதுப்பாகும். நாட்பட்ட பயன்பாட்டில் அதன் பட்டைகளின் விளிம்பு மழுங்கும். பின்புறம் அரக்கும் வண்ணத்தகடும் வைத்து மூடிய பதிப்பாயின் ஒளியை ஊடுருவவிட்டு நோக்க இயலாது. நிறத்தின் ஒரு பங்கு தகட்டினுடையதாகவே இருக்கும்.

அமெரிக்கன் டைமண்ட் என்னும் வழக்கு பெயரால் மயங்க வைப்பது. இது சிர்க்கோனியம் ஆக்சைடின் கனசதுரப் படிகம். இதனைப் பேரளவில் வளர்க்கும் முறையை 1970களில் செம்மைப்படுத்தியவர்கள் மாஸ்கோவின் லெபதேவ் இயற்பியல் நிறுவனத்தார். வணிக உற்பத்தி 1976இல் தொடங்கியது. இக்கல் தொடக்கத்திலேயே பதிக்கப்பட்ட அட்டிகை எதுவும் அதற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. இதனை அமெரிக்க வைரம் எனப் பெயர்ப்பது இருமடங்கு பிழை: பிறப்பும் அமெரிக்கா அன்று, பொருளும் வைரம் அன்று.

5. செயற்கைப் பிசின்கள்

வளையல், மணி, பொத்தான் முதலியவற்றில் தந்தம், பவளம், அம்பர் ஆகியவற்றுக்கு மாற்றாக வந்த பொருள்களுக்கு மூக்கே நல்ல கருவி. 1870களில் வணிகத்திற்கு வந்த செல்லுலாய்டு, தேய்த்தால் கற்பூர மணம் தரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பாற்புரதப் பிசின், நனைத்தால் பால் கருகிய வாடை வீசும். லியோ பேக்லாண்ட் 1907இல் கண்டு 1909இல் காப்புரிமை பெற்ற பேக்கலைட், வெந்நீர் பட்டதும் பினாயில் போன்ற காரநெடி எழுப்பும். 1930களில் வந்த அக்ரிலிக்கில் குறிப்பிடத்தக்க மணம் இல்லை. சுடுஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் தவிர்க்கத்தக்கது. செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும்.

6. முத்திரையில் நாட்டின் பெயர்

சாணக்யபுரியின் சாந்திபத் சாலையில் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் ஆகியவற்றின் தூதரகங்கள் உள்ளன. அதே பகுதியில் செக் குடியரசும் ஆஸ்திரியாவும் இடம்பெற்றுள்ளன. ஒப்பனை அணிகலன் தொழிலில் முன்னின்ற நாடுகளுள் பல ஓரிடத்தே கூடியிருக்கும் இப்பகுதி, நாட்டுப்பெயர்களின் வரலாற்றையும் நினைவூட்டுகிறது. அணிகலனின் பின்புறம் பொறித்த நாட்டுப்பெயர் தெளிவான காலச்சான்றாகும்.

இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் பொறிக்கப்பட வேண்டும் என்பதை அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் கட்டாயமாக்கியது. செக்கோஸ்லோவாக்கியா என்னும் பெயர் 1918க்கு முன் இல்லை. 1992இன் இறுதியோடு அந்நாடு இரண்டாயிற்று. மேற்கு ஜெர்மனி எனப் பொறித்தது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் எனப் பொறித்தது 1952க்குப் பிற்பட்டதாக இருத்தல் அரிது.

பொகீமியாவின் யாப்லொனெத்ஸ் நகரம் கண்ணாடி மணிகளுக்கும் வளையல்களுக்கும் பெயர்பெற்றது. அதன் வளையல்கள் இந்தியாவுக்கும் ஏற்றுமதியாயின. ஜெர்மன் மொழியில் அதற்குக் காப்லோன்ஸ் என்று பெயர். 1945க்குப் பின் வெளியேற்றப்பட்ட ஜெர்மானியக் கைவினைஞர் பலர் பவேரியாவில் குடியேறி, தம் குடியிருப்புக்குப் புதிய காப்லோன்ஸ் எனப் பொருள்படும் பெயரிட்டனர். ஆதலின் காப்லோன்ஸ் என்னும் பெயர் ஆவணத்தில் வரும்போது, காலத்தை அறியாமல் எந்நாடு எனத் துணிதல் கூடாது.

7. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்

1988 முதல் உலக அளவில் நடைமுறையிலுள்ள சுங்க வகைப்பாட்டில் இவ்வேறுபாடுகள் பணமதிப்புப் பெறுகின்றன. பொன்னைத் தகடாகப் பற்றவைத்தோ சூட்டில் உருட்டியோ இணைத்த உலோக நகை 7113 என்னும் தலைப்பில், பொன் நகையோடு சேரும். பொன் முலாம் மட்டும் பூசிய மலிந்த உலோக நகை 7117 என்னும் தலைப்பில், ஒப்பு நகையாகக் கொள்ளப்படும். இரண்டையும் முலாம் பூசியது என்று தமிழில் பெயர்த்தால், ஆவணத்தின் சட்டப்பொருளே மாறிவிடும். முன்னதைத் தகடு பொதிந்தது எனவும் பின்னதை மின்முலாம் பூசியது எனவும் பிரித்தல் நன்று.

தில்லிக் கடைத்தெருவின் இந்தி வழக்கு முலாமைப் பொன்னின் நீர் என்னும் பொருள்படச் சோனே கா பானி எனச் சுட்டும். இதனைச் சொல்லுக்குச் சொல் பொன்னீர் எனப் பெயர்ப்பின் தமிழ் வாசகர் வேறு பொருள் கொள்வர். தங்க முலாம் என்பதே பொருந்தும்.

யாவற்றினும் கவனத்திற்குரியது போலி என்னும் சொல். ஒப்பு என்னும் நடுநிலைப் பொருளோடு ஏமாற்று என்னும் குற்றப்பொருளும் இன்று அதன்கண் மேலோங்கி நிற்கிறது. ஒரு பெண் அணிந்திருந்தது போலி நகை என்று காவல்துறை ஆவணத்திலோ வழக்கு மன்ற வாக்குமூலத்திலோ பெயர்க்கப்படுமாயின், அவள் ஏமாற்றினாள் அல்லது ஏமாந்தாள் என்னும் குறிப்பு நுழைகிறது. அவள் கூறியது கவரிங் என்பதாயின், தன் வருவாய்க்கு ஏற்ப அறிந்தே வாங்கி அணிந்தாள் என்பதே பொருள். புனைகதை மொழிபெயர்ப்பிலும் இவ்வேறுபாடு பாத்திரத்தின் மானத்தைத் தொடுவதாகும்.

முடிவுரை

ஓர் அணிகலனின் காலத்தைத் துணியத் தனிச்சான்று ஒன்று போதாது. அடி உலோகம், பூச்சு, கல், திருகாணி அல்லது பூட்டு, முத்திரை ஆகிய உறுப்புகளைத் தனித்தனியே நோக்கி, அவற்றுள் மிகப் பிற்பட்டதையே ஒன்றுசேர்ந்த பொருளின் மேல் எல்லையாகக் கொள்ளல் வேண்டும். பழுதுபார்த்தபோது மாற்றிய உறுப்பாயின் அதனை விலக்கல் வேண்டும். சொல்லுக்கும் இதே நெறி பொருந்தும். சொல் தோன்றிய காலமும், அது இன்று சுட்டும் பொருளின் காலமும் ஒன்றல்ல. கலைச்சொல் தொகுப்போர் ஒவ்வொரு சொல்லின்கீழும் செய்முறை, வழங்கிய காலம், வழங்கும் வட்டாரம், குற்றப்பொருள் உண்டா இல்லையா என்னும் நான்கு குறிப்புகளைச் சேர்ப்பாராயின், மொழிபெயர்ப்பாளர்க்கும் அணிகலன் ஆய்வாளர்க்கும் அத்தொகுப்பு ஒருங்கே பயன்படும்.